டைனமோமீட்டர்: எஞ்சினின் முறுக்கு விசையும் திறனும் அளக்கப்படும் முறை

டைனமோமீட்டர் என்பது ஓர் எஞ்சின், மின்மோட்டார் அல்லது விசையாழி சுழலும்போது அதன் தண்டில் கிடைக்கும் முறுக்கு விசையை அளக்கும் கருவியாகும். தமிழில் இதனைத் திறன்மானி என்றும் கூறுவர். வாகனத் துறையினர் சுருக்கமாக 'டைனோ' என்பர். திறன்மானி என்ற பெயர் இருந்தாலும், எஞ்சின் சோதனையில் பயன்படும் டைனமோமீட்டர் திறனை நேரடியாக அளப்பதில்லை. அது ஒரு கையின் முனையில் செயல்படும் விசையையும், தண்டின் சுழற்சி வேகத்தையும் அளக்கிறது. திறன் என்பது இவ்விரண்டிலிருந்தும் கணக்கிட்டுப் பெறப்படும் எண்ணாகும். ஒரு வாகனத்தின் விவரக் குறிப்பில் காணப்படும் குதிரைத்திறனைச் சரியாகப் புரிந்துகொள்ள இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது அவசியம்.

முறுக்கு விசையும் திறனும்

ஒரு பொருளைச் சுழற்ற முயலும் விளைவே முறுக்கு விசை. பள்ளி இயற்பியல் நூல்களில் இது திருப்பு விசை எனப்படுகிறது. விசையையும், சுழல் அச்சிலிருந்து அவ்விசை செயல்படும் கோட்டின் செங்குத்துத் தொலைவையும் பெருக்கினால் முறுக்கு விசை கிடைக்கும். இதன் அலகு நியூட்டன் மீட்டர். அரை மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் 100 நியூட்டன் விசையைச் செங்குத்தாகக் கொடுத்தால், நட்டின் மீது 50 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை செயல்படும். நட்டு துருப்பிடித்து அசையாமல் நின்றாலும் முறுக்கு விசை இருக்கும். ஆனால் அங்கு வேலை எதுவும் நடைபெறவில்லை. எனவே திறன் சுழியாகும்.

திறன் என்பது வேலை செய்யப்படும் வீதம். சுழலும் தண்டு ஒன்றிற்கு,

திறன் = முறுக்கு விசை × கோணத் திசைவேகம்

என்ற தொடர்பு பொருந்தும். நிமிடச் சுற்றுகளை 2 × 3.1416 ஆல் பெருக்கி 60 ஆல் வகுத்தால், ஒரு விநாடிக்கு இத்தனை ரேடியன் என்ற அளவில் கோணத் திசைவேகம் கிடைக்கும். இதையே சுருக்கி,

கிலோவாட்டில் திறன் = (முறுக்கு விசை × நிமிடச் சுற்றுகள்) ÷ 9549

என்றும் எழுதலாம்.

நிமிடத்திற்கு 2000 சுற்றில் 100 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சினும், 4000 சுற்றில் 50 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சினும் ஒரே திறனைத்தான் தருகின்றன. அது ஏறத்தாழ 20.9 கிலோவாட். பற்சக்கரப் பெட்டியைக் கொண்டு வேகத்தைக் குறைத்து முறுக்கு விசையைக் கூட்டலாம். ஆனால் எந்தப் பற்சக்கரத்தாலும் திறனைக் கூட்ட இயலாது. உராய்வினால் அது சற்றுக் குறையவே செய்யும்.

குதிரைத்திறன் என்ற அலகு ஜேம்ஸ் வாட் காலத்திலிருந்து வருவது. நிமிடத்திற்கு 33,000 அடி-பவுண்டு வேலை ஒரு குதிரைத்திறன் எனக் கொள்ளப்பட்டது. இது ஏறத்தாழ 745.7 வாட். மெட்ரிக் குதிரைத்திறன் இதைவிடச் சிறியது, அது 735.5 வாட். அதாவது, 75 கிலோகிராம் எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயர்த்தத் தேவையான திறன். இரண்டுமே பேச்சு வழக்கில் 'எச்.பி.' என்றே வழங்குவதால், ஒரே எஞ்சினுக்கு இரு வேறு எண்கள் காணப்படுவதுண்டு.

வரலாறு

தசைவலிமையை அளப்பதற்கான வில் வகைக் கருவிகள் 18-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தன. பிரான்சைச் சேர்ந்த எட்மே ரெக்னியே 1798-இல் உருவாக்கிய கருவி அவற்றுள் குறிப்பிடத்தக்கது. ஆனால் நிலையாகச் சுழலும் எந்திரத்தின் திறனை அளக்க வேறு வழி தேவைப்பட்டது.

பிரெஞ்சுப் பொறியியலாளர் காஸ்பார் தெ புரோனி 1821-இல் அதற்கொரு எளிய வழியைக் கண்டார். சுழலும் கப்பியை இரண்டு மரக்கட்டைகளுக்கு இடையே வைத்துத் திருகாணியால் இறுக்கினார். கட்டைகளுடன் ஒரு நீண்ட கை இணைக்கப்பட்டிருந்தது. கப்பி சுழலும்போது, உராய்வினால் கட்டைகளும் கையும் உடன் சுழல முயலும். கையின் முனையில் எடைகளைத் தொங்கவிட்டு அதைக் கிடைமட்டமாக நிறுத்தினால், எடையையும் கையின் நீளத்தையும் பெருக்கி முறுக்கு விசையைப் பெறலாம். இது புரோனி பிரேக் எனப்படுகிறது. இவ்வாறு பிரேக்கைக் கொண்டு அளக்கப்பட்டதால்தான் எஞ்சினின் வெளியீட்டுத் திறனுக்குப் 'பிரேக் குதிரைத்திறன்' என்ற பெயர் நிலைத்தது. அதில் வரும் பிரேக், வாகனத்தை நிறுத்தும் பிரேக்கைக் குறிப்பதன்று.

கப்பல்களின் நீராவி எஞ்சின்கள் பெரிதானபோது மரக்கட்டை உராய்வு போதவில்லை. ஆங்கிலேயக் கப்பல் பொறியியலாளர் வில்லியம் ஃபுரூட் 1877-இல் நீரைப் பயன்படுத்தித் திறனை உறிஞ்சும் டைனமோமீட்டரை வடிவமைத்தார். 1930-களின் தொடக்கத்தில் சுழல் மின்னோட்டத்தைப் பயன்படுத்தும் வகை அமெரிக்காவில் உருவானது. எட்வர்டு சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் ஆகிய இருவரும் 1938-இல் தனித்தனியே கண்டறிந்த திரிபுமானி, விசையை மின்குறிப்பாக மாற்றும் வழியைத் தந்தது. எடைக்கற்களும் சுருள்வில் தராசும் இருந்த இடத்தில் இன்று லோடு செல் இருப்பதற்கு இக்கண்டுபிடிப்பே காரணம்.

செயல்படும் தத்துவம்

பெரும்பாலான டைனமோமீட்டர்களில் எஞ்சினின் கிராங்க் தண்டுடன் ஒரு சுழலி இணைக்கப்பட்டிருக்கும். அச்சுழலியைச் சுற்றி ஓர் உறை இருக்கும். உறை தரையுடன் பிணைக்கப்படாமல், இருபுறமும் தாங்கிகளின் மீது தொட்டில்போல் அமர்ந்திருக்கும். அது தன் அச்சில் தடையின்றி அசையக்கூடியது.

எஞ்சின் சுழலியைச் சுற்றும்போது, உராய்வு, நீர், காந்தப்புலம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றின் மூலம் உறை அச்சுழற்சியை எதிர்க்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, உறை சுழலியைத் தடுக்கும் அதே அளவு முறுக்கு விசையுடன் சுழலியும் உறையைத் தன்னோடு சுழற்ற முயல்கிறது. உறையிலிருந்து நீளும் கை ஒரு லோடு செல்லின் மீது அழுத்துவதால் உறை சுழலாமல் நிற்கிறது. லோடு செல் காட்டும் விசையைக் கையின் நீளத்தால் பெருக்கினால் முறுக்கு விசை கிடைத்துவிடும்.

இந்த அமைப்பில் ஒரு நுட்பம் உள்ளது. உறைக்குள் உள்ள தாங்கிகளின் உராய்வு, காற்றின் இழுவை போன்ற இழப்புகளும் உறையின் மீதே செயல்படுகின்றன. எனவே அவையும் அளவீட்டில் தானாகவே சேர்ந்துவிடுகின்றன. தனியே கணக்கிட வேண்டியதில்லை. உறையைத் தாங்கும் வெளித் தாங்கிகளின் உராய்வு மட்டுமே பிழையாக எஞ்சும். அதைக் குறைக்கவே அத்தாங்கிகள் மிகக் கவனமாகப் பராமரிக்கப்படுகின்றன.

எடுத்துக்காட்டாக, ஆய்வகத்தில் ஓர் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிடத்திற்கு 1500 சுற்றில் ஓடுகிறது எனக் கொள்வோம். கையின் நீளம் 0.35 மீட்டர். லோடு செல் 70 நியூட்டன் காட்டுகிறது.

முறுக்கு விசை = 70 × 0.35 = 24.5 நியூட்டன் மீட்டர்
திறன் = (24.5 × 1500) ÷ 9549 = 3.85 கிலோவாட்

இது ஏறத்தாழ 5.2 குதிரைத்திறன். இக்கணக்கில் கையின் நீளத்தில் ஒரு விழுக்காடு பிழை இருந்தால், முறுக்கு விசையிலும் திறனிலும் அதே ஒரு விழுக்காடு பிழை நேரும். ஆகவே சோதனைக்கு முன் கையின் முனையில் எடை தெரிந்த கற்களைத் தொங்கவிட்டு, கருவி சரியான முறுக்கு விசையைக் காட்டுகிறதா என அளவுதிருத்தம் செய்வர். கற்களை ஏற்றும்போது ஒருமுறையும் இறக்கும்போது ஒருமுறையும் அளவு குறிக்கப்படும். இரண்டும் மாறுபட்டால் தாங்கிகளிலோ இணைப்புகளிலோ உராய்வு உள்ளது என்று பொருள்.

வகைகள்

கயிற்றுப் பிரேக் டைனமோமீட்டர்: பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் மாணவர்கள் முதலில் காண்பது பெரும்பாலும் இதுதான். எஞ்சினின் பிரேக் உருளையைச் சுற்றி ஒரு கயிறு செல்லும். ஒரு முனையில் எடைகளும் மறுமுனையில் சுருள்வில் தராசும் இருக்கும். எடைக்கும் தராசு காட்டும் விசைக்கும் உள்ள வேறுபாட்டை, பயனுறு ஆரத்தால் பெருக்கினால் முறுக்கு விசை கிடைக்கும். பயனுறு ஆரம் என்பது உருளையின் ஆரத்துடன் கயிற்றின் ஆரத்தையும் சேர்த்தது. மாணவர்கள் கயிற்றின் தடிமனைச் சேர்க்க மறந்துவிடுவது வழக்கமான பிழை. உறிஞ்சப்படும் திறன் முழுவதும் வெப்பமாக மாறும். மேலே கண்ட 3.85 கிலோவாட் ஒரு நிமிடத்தில் தரும் வெப்பம், ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஏறத்தாழ 55 பாகை செல்சியசு உயர்த்தப் போதுமானது. அதனால்தான் உருளையின் உட்புறத்தில் நீர் ஊற்றிக் குளிர்விக்கப்படுகிறது.

நீரியல் டைனமோமீட்டர்: சுழலியிலும் உறையிலும் கிண்ணம் போன்ற குழிவுகள் எதிரெதிரே அமைந்திருக்கும். சுழலி நீரை வெளிநோக்கி வீசும். உறையின் குழிவுகள் அதைத் திருப்பி அனுப்பும். இச்சுழிப்பினால் முறுக்கு விசை உறைக்குக் கடத்தப்படுகிறது. உள்ளே இருக்கும் நீரின் அளவை மாற்றிச் சுமையைக் கட்டுப்படுத்தலாம். இதன் முறுக்கு விசை வேகத்தின் இருமடிக்கும், உறிஞ்சும் திறன் வேகத்தின் மும்மடிக்கும் நேர்த்தகவில் இருக்கும். சிறிய உருவில் பெருந்திறனை உறிஞ்சும் என்பதால் கப்பல் எஞ்சின்களுக்கும் பெரிய டீசல் எஞ்சின்களுக்கும் ஏற்றது. வெப்பத்தை நீரே எடுத்துச் செல்லும். 100 கிலோவாட் திறனை உறிஞ்சும்போது நீரின் வெப்பநிலை 30 பாகைக்கு மேல் உயராமல் இருக்க, நிமிடத்திற்கு ஏறத்தாழ 48 லிட்டர் நீர் பாய வேண்டும்.

சுழல் மின்னோட்ட டைனமோமீட்டர்: காந்தப்புலத்தில் உலோகத் தட்டு சுழலும்போது உலோகத்தில் சுழல் மின்னோட்டங்கள் தூண்டப்படும். லென்சு விதிப்படி அவை சுழற்சியை எதிர்க்கும். கம்பிச்சுருளில் பாயும் நேர்மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்துச் சுமையை மிக விரைவாக மாற்றலாம். உராயும் பகுதிகள் இல்லாததால் தேய்மானம் குறைவு. தண்டு நின்றுவிட்டால் மின்னோட்டம் தூண்டப்படாது. எனவே சுழி வேகத்தில் இது முறுக்கு விசை எதையும் தராது.

மின்மோட்டார் வகை: இதில் சுமையாக இருப்பது ஒரு மின்னியற்றி. எஞ்சினின் திறன் மின்சாரமாக மாறும். அதை மின்கட்டமைப்புக்கே திருப்பி அனுப்பவும் முடியும். இதே எந்திரத்தை மோட்டாராக இயக்கி, எரிபொருள் இல்லாத எஞ்சினைச் சுழற்றி, அதன் உள் உராய்வுக்குச் செலவாகும் திறனை மதிப்பிடலாம். மற்ற உறிஞ்சும் வகைகளால் இது இயலாது.

கடத்தும் வகை: மேற்கண்ட நான்கும் திறனை உறிஞ்சுபவை. கடத்தும் வகை திறனை வீணாக்காமல், எஞ்சினுக்கும் அது இயக்கும் எந்திரத்திற்கும் இடையே அமர்ந்து முறுக்கு விசையை மட்டும் அளக்கும். முறுக்கு விசை செயல்படும்போது தண்டு மிகச் சிறிய அளவில் முறுக்கப்படும். தண்டின் அச்சுக்கு 45 பாகை சாய்வில் ஒட்டப்பட்ட திரிபுமானிகள் அந்த முறுக்கத்தை மின்குறிப்பாக மாற்றும். கடலில் ஓடும் கப்பலின் தண்டில் கூட இவ்வாறு அளக்க முடியும்.

உருளைச் சோதனை மேடை

எஞ்சினைக் கழற்றாமல் முழு வாகனத்தையும் சோதிக்க, வாகனத்தின் இயக்கும் சக்கரங்கள் பெரிய உருளைகளின் மீது நிறுத்தப்படும். இது சேசிஸ் டைனமோமீட்டர் எனப்படும். இங்கு கிடைப்பது சக்கரத்திற்கு வந்து சேரும் திறன். கிளட்ச், பற்சக்கரப் பெட்டி, அச்சு, டயர் ஆகியவற்றின் இழப்புகள் கழிந்த பின் கிடைப்பதால், இது எஞ்சின் தண்டில் அளந்ததைவிடக் குறைவாகவே இருக்கும். இவ்விரண்டையும் ஒப்பிட்டு 'எஞ்சின் குறைபாடுள்ளது' என்று முடிவு செய்வது தவறு.

இவற்றில் ஒரு வகை நிலைம டைனமோமீட்டர். இதில் பிரேக் கிடையாது. நிலைமத் திருப்புத்திறன் தெரிந்த கனமான உருளையை வாகனம் எவ்வளவு விரைவாக முடுக்குகிறது என்பதே அளக்கப்படும். நிலைமத் திருப்புத்திறனைக் கோண முடுக்கத்தால் பெருக்கினால் உருளையின் மீதான முறுக்கு விசை கிடைக்கும். நிலைமத் திருப்புத்திறன் 20 கிலோகிராம் மீட்டர் இருமடி, கோண முடுக்கம் விநாடி இருமடிக்கு 5 ரேடியன் எனில், முறுக்கு விசை 100 நியூட்டன் மீட்டர். அக்கணத்தில் உருளை விநாடிக்கு 100 ரேடியன் வேகத்தில் சுழன்றால் திறன் 10 கிலோவாட். உருளையின் முறுக்கு விசை எஞ்சினின் முறுக்கு விசை அன்று. இடையே பற்சக்கர விகிதம் உள்ளது. திறனை எஞ்சினின் கோணத் திசைவேகத்தால் வகுத்தே எஞ்சின் பக்க முறுக்கு விசையைப் பெறவேண்டும்.

சோதனையும் வரைகோடும்

சோதனைக்கு முன் எஞ்சின் இயல்பான வெப்பநிலையை அடையும்வரை ஓட விடப்படும். பின்னர் திராட்டில் முழுமையாகத் திறக்கப்படும். சுமை இல்லாவிடில் எஞ்சின் கட்டுப்பாடின்றி வேகமெடுத்துச் சேதமடையும். எனவே டைனமோமீட்டர் சுமையைக் கூட்டி, எஞ்சினை ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நிலைநிறுத்தும். அவ்வேகத்தில் அளவுகள் நிலைபெற்றதும் முறுக்கு விசை குறிக்கப்படும். பின்னர் அடுத்த வேகத்திற்குச் செல்வர்.

ஒரு பெட்ரோல் எஞ்சினின் அளவுகள் பின்வருமாறு எனக் கொள்வோம்.

2000 சுற்று: 90 நியூட்டன் மீட்டர், 18.8 கிலோவாட்
4000 சுற்று: 110 நியூட்டன் மீட்டர், 46.1 கிலோவாட்
6000 சுற்று: 88 நியூட்டன் மீட்டர், 55.3 கிலோவாட்

6000 சுற்றில் முறுக்கு விசை 2000 சுற்றில் உள்ளதைவிடக் குறைவு. ஆயினும் திறன் ஏறத்தாழ மூன்று மடங்கு. நடுத்தர வேகத்தில் சிலிண்டர் நன்றாக நிரம்புவதால் முறுக்கு விசை உச்சத்தை அடைகிறது. வேகம் மேலும் கூடும்போது காற்று உள்ளே வர நேரம் போதாமலும் உராய்வு கூடுவதாலும் அது குறைகிறது. முறுக்கு விசை குறையும் விகிதத்தைவிட வேகம் கூடும் விகிதம் அதிகமாக இருக்கும்வரை திறன் உயர்ந்துகொண்டே செல்லும். விவரக் குறிப்புகளில் உச்ச முறுக்கு விசைக்கும் உச்சத் திறனுக்கும் வேறுவேறு வேகங்கள் தரப்படுவதன் காரணம் இதுவே.

ஒரே எஞ்சினுக்கு வேறுவேறு எண்கள்

எஞ்சின் எரிக்கக்கூடிய எரிபொருளின் அளவு, அது உள்ளிழுக்கும் காற்றின் நிறையைப் பொறுத்தது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் அது 77 கிலோபாஸ்கல் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. டர்போ பொருத்தப்படாத ஒரே எஞ்சினைச் சென்னையிலும் உதகையிலும் சோதித்தால், கருவியில் பிழையே இல்லாதபோதும் இரு வேறு முடிவுகள் கிடைக்கும். எனவே அளந்த திறன் ஒரு பொது நிலைக்குத் திருத்தப்படுகிறது. அமெரிக்க எஸ்.ஏ.இ. ஜே 1349 தரம் 25 பாகை செல்சியசும் 99 கிலோபாஸ்கல் உலர்காற்று அழுத்தமும் கொண்ட நிலையை எடுத்துக்கொள்கிறது. ஜெர்மனியின் பழைய டி.ஐ.என். 70020 தரம் 20 பாகையையும் 101.3 கிலோபாஸ்கலையும் எடுத்துக்கொண்டது. எந்தத் தரப்படி திருத்தப்பட்டது என்று கூறாத எண்ணை வேறோர் எண்ணுடன் ஒப்பிட முடியாது.

எஞ்சினுடன் எவையெல்லாம் பொருத்தப்பட்டிருந்தன என்பதும் முக்கியம். அமெரிக்காவில் 1971 வரை பரவலாக விளம்பரப்படுத்தப்பட்டது 'மொத்தத் திறன்'. காற்று வடிகட்டி, ஆல்டர்னேட்டர், புகைபோக்கி அமைப்பு ஆகியவை இல்லாமல் சோதனை மேடையில் அளக்கப்பட்டது அது. 1972 மாதிரிகளிலிருந்து, இவை அனைத்தும் பொருத்தப்பட்ட நிலையிலான 'நிகரத் திறன்' வழக்கத்துக்கு வந்தது. 8.2 லிட்டர் எஞ்சின் கொண்ட காடிலாக் எல்டொராடோ காருக்கு 1971-இல் 365 என்று கூறப்பட்ட குதிரைத்திறன், 1972-இல் 235 ஆனது. எஞ்சின் பலவீனமடையவில்லை, அளக்கும் முறை மாறியது.

பயன்கள்

எஞ்சின் வடிவமைப்பிலும் தரக் கட்டுப்பாட்டிலும் டைனமோமீட்டர் இன்றியமையாதது. திறனுடன் எரிபொருள் செலவையும் அளந்தால் எஞ்சினின் செயல்திறனை அறியலாம். மேலே கண்ட 3.85 கிலோவாட் எஞ்சின் ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோகிராம் டீசலை எரிக்கிறது எனில், அதன் எரிபொருள் நுகர்வு ஒரு கிலோவாட் மணிக்கு ஏறத்தாழ 260 கிராம். டீசலின் வெப்ப மதிப்பை ஒரு கிலோகிராமுக்கு 42.5 மெகாஜூல் எனக் கொண்டால், எரிபொருளில் இருந்த ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே தண்டை வந்தடைகிறது. எஞ்சியது புகையுடனும் குளிர்விக்கும் நீருடனும் வெளியேறிவிடுகிறது.

மாசு வெளியீட்டுச் சோதனைகளும் இக்கருவியைச் சார்ந்தவை. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளின்கீழ், கார்களும் இருசக்கர வாகனங்களும் உருளை மேடையில் குறிப்பிட்ட ஓட்டச் சுழற்சிப்படி இயக்கப்பட்டு, ஒரு கிலோமீட்டருக்கு வெளியாகும் மாசு அளக்கப்படுகிறது. கனரக வாகனங்களுக்கு எஞ்சின் மட்டும் தனியே டைனமோமீட்டரில் சோதிக்கப்பட்டு, ஒரு கிலோவாட் மணிக்கு வெளியாகும் மாசு கணக்கிடப்படுகிறது. இக்கணக்கில் திறன் வகுக்கும் எண்ணாக அமைவதால், முறுக்கு விசை அளவீட்டில் நேரும் பிழை மாசு அளவிலும் பிழையாகிவிடும். புனேயிலுள்ள இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம், சென்னைக்கு அருகே ஒரகடத்திலுள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் ஆகியவை இத்தகைய சோதனை வசதிகளைக் கொண்டவை.

டைனமோமீட்டர் அறிக்கை ஒன்றைப் படிக்கும்போது நான்கு விவரங்களைப் பார்க்கவேண்டும்: அளவு எஞ்சின் தண்டில் எடுக்கப்பட்டதா சக்கரத்தில் எடுக்கப்பட்டதா, துணைக் கருவிகள் பொருத்தப்பட்டிருந்தனவா, எந்தத் தரப்படி காற்று நிலை திருத்தப்பட்டது, எந்தக் குதிரைத்திறன் அலகு பயன்படுத்தப்பட்டது. இந்நான்கும் ஒத்திருக்கும் இரு எஞ்சின்களின் எண்களை மட்டுமே நேருக்கு நேர் ஒப்பிட இயலும்.